எம்ஜிஆர்: நல்ல பழக்கங்கள் இருந்தும் நோய் வருவது ஏன்? ஆய்வுகள் சொல்வது என்ன?

1984 அக்டோபர் 5. அன்றைய தமிழ்நாடு முதலமைச்சர் எம்ஜிஆர் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று செய்திகள் வந்தன. அடுத்த சில நாட்களில் பக்கவாதமும் தாக்கியது. ஒரு மாதத்துக்குள் தனி விமானத்தில் நியூயார்க் கொண்டு செல்லப்பட்டார்.

தமிழ்நாட்டு மக்களுக்கு இது சாதாரண அதிர்ச்சி அல்ல. எம்ஜிஆர் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். தினமும் உடற்பயிற்சி செய்பவர். அறுபது வயதிலும் திரையில் கதாநாயகனாக சண்டை போட்டவர். அவருக்கா சிறுநீரகம் பழுது?

இதே கேள்வியை இன்று நம்ம அலுவலகங்களிலும் கேட்கலாம். சிகரெட் இல்ல, சரக்கு இல்ல, வாரத்துக்கு நாலு நாள் ஜிம்முக்குப் போறேன், எனக்கு எப்படி சுகர் வரும்? முப்பதுகளில் இருக்கும் பலர் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமே இந்த நம்பிக்கைதான்.

வாழ்க்கைமுறைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையைப் பாதி சரி என்கின்றன. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்க்க, எம்ஜிஆரின் வாழ்க்கையை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

வடவன்னூரில் தொடங்கும் கதை

பொள்ளாச்சியிலிருந்து எல்லையைக் கடந்து கொல்லங்கோடு பக்கம் போனால் வடவன்னூர் வரும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் பகுதி. எம்ஜிஆரின் தாய் மருதூர் சத்யபாமாவின் ஊர் இதுதான். எம்ஜிஆர் என்ற பெயரின் முதல் எழுத்தான எம், தாய்வழி வந்த அந்த மருதூரைக் குறிப்பது. ஜி, தந்தை கோபால மேனனின் பெயர்.

குடும்பம் பிழைப்புக்காக இலங்கைக்குப் போனது. கண்டிக்கு அருகே, தேயிலை மலைகள் சூழ்ந்த நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17 அன்று ராமச்சந்திரன் பிறந்தார். அவருக்கு மூன்று வயது ஆவதற்குள் தந்தை இறந்துபோனார். சகோதரி ஒருவரும் இறந்தார். சத்யபாமா இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார்.

அங்கே வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார் அந்தத் தாய். அது போதவில்லை. பட்டினி கிடந்த நாட்களைப் பற்றி எம்ஜிஆரே பின்னாளில் எழுதியும் பேசியும் இருக்கிறார். ஆனையடிப் பள்ளியில் தொடங்கிய படிப்பு சில ஆண்டுகளில் நின்றது. அண்ணன் சக்ரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். நடிப்பு ஆசை இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளை பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பியதற்கு முதல் காரணம், அங்கே வேளா வேளைக்குச் சாப்பாடு கிடைக்கும் என்பதுதான்.

இந்தப் பட்டினியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கட்டுடலும் கட்டுப்பாடும்

நாடகக் கம்பெனியில் சிலம்பம், வாள்வீச்சு, குஸ்தி எல்லாம் பாடத்தின் பகுதி. அங்கே பிடித்த உடற்பயிற்சிப் பழக்கத்தை எம்ஜிஆர் பிறகும் விடவில்லை.

1936-ல் வெளியான அவரது முதல் படம் சதி லீலாவதி. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. குடியால் சீரழியும் ஒரு குடும்பத்தின் கதை. குடித்துக் கெட்ட நாயகன் கடைசியில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்வான். எம்ஜிஆருக்குச் சின்ன போலீஸ் அதிகாரி வேடம். நாயகனாக நடிக்க 1947-ல் வந்த ராஜகுமாரி வரை காத்திருந்தார்.

நட்சத்திரமான பிறகு அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். திரையில் அவர் ஏற்கும் பாத்திரம் குடிக்காது, புகைக்காது. விதிவிலக்காகச் சொல்லப்படுவது 1968-ல் வந்த அவரது நூறாவது படம் ஒளிவிளக்கு. அதில்கூடக் குடித்துவிட்டு வரும் நாயகனை அவனது மனசாட்சியே எதிரே நின்று கேள்வி கேட்கும்.

உடலுக்கு அடி விழாமலும் இல்லை. 1959-ல் சீர்காழியில் நாடக மேடையில் சண்டைக் காட்சியின்போது கால் முறிந்தது. இனி ஆட முடியாது என்று பலர் நினைத்தார்கள். மீண்டு வந்தார். 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில் குண்டு கழுத்தில் பாய்ந்தது. குரல் நிரந்தரமாக மாறியது. மருத்துவமனையில் படுத்திருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். எது வந்தாலும் இந்த உடம்பு எழுந்து நிற்கும் என்ற எண்ணம் மக்கள் மனதில் பதிந்தது அப்படித்தான்.

அவர் வாழ்ந்த அதே காலத்தில்தான் பழக்கவழக்கங்களுக்கும் நோய்க்குமான தொடர்பை விஞ்ஞானம் எண்ணிக்கையில் காட்டத் தொடங்கியது. 1951-ல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைப் பதிவு செய்து, அவர்களைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். அந்த ஆய்வு 50 ஆண்டுகள் நீண்டது. புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள் என்று 2004-ல் முடிவு வந்தது. 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு அந்த 10 ஆண்டும் கிட்டத்தட்ட முழுசா திரும்பக் கிடைத்தது. 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு 3 ஆண்டு கிடைத்தது.

1953-ல் ஜெர்ரி மாரிஸ் லண்டன் பேருந்துகளில் ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களை விட, மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பேருந்து. ஒருவர் உட்கார்ந்திருந்தார், இன்னொருவர் நடந்தார், அவ்வளவுதான்.

ஆக, எம்ஜிஆரின் பழக்கங்கள் தவறில்லை. பின்னாளில் விஞ்ஞானம் பரிந்துரைத்ததை அவர் முன்கூட்டியே செய்துகொண்டிருந்தார். அப்படின்னா கணக்கு எங்கே இடித்தது?

ஒரே பிஎம்ஐ, இரண்டு உடல்கள்

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. அதில் இரண்டு ஆய்வாளர்கள் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. அதாவது இரண்டு பேரும் ஒல்லி, ஃபிட்.

ஸ்கேன் செய்து பார்த்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம் இருந்தது. யாக்னிக் உடலில் 21.2 சதவீதம்.

பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தெற்காசிய உடல்களில் இது பரவலாக இருக்கிறது. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் யாக்னிக் குழு 1993-ல் தொடங்கிய ஆய்வு இன்னும் ஒரு படி பின்னோக்கிப் போனது. அங்கே பிறந்த குழந்தைகள் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளை விட எடை குறைவு. தசையும் குறைவு. ஆனால் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

பிறந்த குழந்தைக்கு ஏது வாழ்க்கைமுறை? அது ஸ்விக்கியில் ஆர்டர் செய்யவில்லை, இரவு முழுக்க லேப்டாப் முன்னால் உட்காரவில்லை. ஆனாலும் அதன் உடல்வாகு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தாயின் ஊட்டச்சத்து அதில் பெரும் பங்கு வகிக்கிறது.

பசி விட்டுப்போகும் தடம்

இந்த எண்ணத்துக்கு விதை போட்டவர் பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் பார்க்கர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் பழைய பேறுகால பதிவேடுகளை எடுத்து, பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் மரணம் அதிகம் என்று 1989-ல் காட்டினார். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பஞ்சத்தைப் பார்த்த உடல், சிக்கனமாக வாழப் பழகிக்கொள்கிறது. கணையம் உள்ளிட்ட உறுப்புகள் அதற்கேற்பவே வளர்கின்றன. பிற்காலத்தில் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சிக்கன உடலால் சமாளிக்க முடிவதில்லை. இதுதான் அவர் முன்வைத்த விளக்கம்.

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில், போரின் நடுவே கடும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள். மற்றவர்களை விட அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவாக இருந்தது.

2024-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு எதிர்த் திசையிலிருந்து பார்த்தது. பிரிட்டனில் போர்க்காலத்தில் வந்த சர்க்கரை ரேஷன் 1953-ல் முடிந்தது. கருவில் தொடங்கி முதல் 1,000 நாட்களில் ரேஷன் காரணமாகக் குறைந்த அளவே சர்க்கரை கிடைத்தவர்களுக்கு, டைப் 2 நீரிழிவு அபாயம் சுமார் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்த அபாயம் சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தது. குழந்தைப் பருவத்தில் பட்டினியும் கேடு, தித்திப்பு மிகுதியும் கேடு.

நம்ம ஊருக்கு நெருக்கமான செய்தி வேலூரிலிருந்து வந்தது. சிறு வயது ஊட்டச்சத்துக் குறைபாட்டால் வரும் நீரிழிவு தனி வகைதான் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து சான்றுகளை முன்வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை 1985-ல் ஒரு வகையாக ஏற்று, 1999-ல் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு டைப் 5 நீரிழிவு என்று பெயர் கொடுத்தது.

எம்ஜிஆருக்கு வந்தது இந்த வகை என்று சொல்வது அல்ல நோக்கம். இந்த ஆய்வுகள் எல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியைப் பேசுபவை. ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் நோய் வந்தது என்று அவற்றைக் காட்டித் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இவ்வளவு ஒழுங்காக இருந்தவருக்கு எப்படி வந்தது என்ற கேள்வியிலேயே ஒரு பிழை இருப்பதை அவை காட்டுகின்றன. நோயை நடத்தைக்கான மதிப்பெண் பட்டியல் மாதிரி பார்ப்பதுதான் அந்தப் பிழை. நாம் முதல் பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே உடலின் கணக்கு திறக்கப்பட்டுவிடுகிறது.

புரூக்ளினும் ஆண்டிப்பட்டியும்

1984 நவம்பர் 5 அன்று எம்ஜிஆர் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் டிசம்பர் 19 அன்று சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் தந்தவர் அண்ணன் சக்ரபாணியின் மகள்.

இங்கே ஊர் ஊராகப் பிரார்த்தனை நடந்தது. ஒளிவிளக்கு படத்தில் நாயகனின் உயிருக்காக வேண்டும் பாடலைத் திரையரங்குகளில் ஒலிபரப்பினார்கள். குடியைக் கண்டித்த அதே படத்தின் பாட்டு.

அறுவை சிகிச்சை நடந்த ஐந்தாம் நாள், டிசம்பர் 24 அன்று, தமிழ்நாட்டில் தேர்தல். எம்ஜிஆர் ஆண்டிப்பட்டி வேட்பாளர். இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கும் தொகுதி. மேற்கே மலை ஏறினால் இடுக்கி. கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் பகுதி. அவர் ஒருமுறைகூட ஓட்டுக் கேட்டு வரவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் வீடியோவை ஊர்களில் போட்டுக் காட்டினார்கள். மக்கள் வெற்றி பெற வைத்தார்கள். தாயின் ஊர் கேரள எல்லையின் வடக்குப் பக்கம். கடைசி வெற்றி அதே எல்லையின் தெற்குப் பக்கம்.

1985 பிப்ரவரி 4 அன்று சென்னை திரும்பினார். 10-ம் தேதி மூன்றாம் முறையாக முதலமைச்சர் ஆனார். பேச்சு தெளிவாக வரவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் பதவியில் இருந்தார். ஆண்டிப்பட்டி ஓட்டுப் போட்ட அதே டிசம்பர் 24-ம் தேதி, 1987-ல், ராமாவரம் தோட்டத்து வீட்டில் காலமானார். வயது 70.

அன்று மருத்துவத்தின் கையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நீரிழிவால் பழுதாகும் சிறுநீரகத்தை ஏசிஇ தடுப்பான் வகை மருந்து காக்கும் என்று பெரிய ஆய்வு ஒன்று உறுதி செய்தது 1993-ல்தான். அதுவும் முதலில் டைப் 1 நோயாளிகளுக்கு. எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் மருந்து டைப் 2 நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கும் என்பதை கிரெடன்ஸ் ஆய்வு காட்டியது 2019-ல். இன்று ஒரு சாதாரண ஊழியருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, அன்று ஒரு முதலமைச்சருக்குக்கூடக் கிடையாது.

அப்படின்னா ஜிம்முக்குப் போறது வீணா?

இல்லை. இதுக்கான பதில் சென்னையிலேயே இருக்கு.

சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 531 பேரை வைத்து மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடல் உழைப்பையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ இதே அளவு.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பழக்கத்தை மாற்றியதால் பலர் தப்பினார்கள் என்பது ஒன்று. பழக்கத்தை மாற்றியும் நூறில் 39 பேருக்கு வந்தது என்பது இன்னொன்று. அந்த 39 பேர் சோம்பேறிகள் அல்ல.

கேரளத்தில் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 1,007 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஊர்க்காரர்களே குழுவாகக் கூடி ஒருவரையொருவர் ஊக்கப்படுத்தும் முறை. இரண்டு ஆண்டுகளில் உணவுப் பழக்கம் மேம்பட்டது, மது குறைந்தது. ஆனால் நீரிழிவு வந்தவர்கள் விகிதம் 17.1 சதவீதத்துக்குப் பதில் 14.9 சதவீதமாக இருந்தது. புள்ளியியல் ரீதியாக உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன வித்தியாசம். நல்ல பழக்கம் மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்று மாத சேலஞ்ச் எடுத்துவிட்டு அற்புதம் எதிர்பார்க்க முடியாது.

2025-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் அன்றாடத்துக்கு உதவும். முதலாவது, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தது. தினம் 2,000 அடி நடப்பவர்களை விட 7,000 அடி நடப்பவர்களுக்கு மரண அபாயம் 47 சதவீதம் குறைவு. ஆனால் டைப் 2 நீரிழிவு அபாயம் 14 சதவீதம்தான் குறைவு. நடை இதயத்துக்கும் ஆயுளுக்கும் செய்யும் நன்மை பெரிது, சர்க்கரையை மட்டும் அது தனியாகத் தடுத்துவிடாது.

இரண்டாவது ஆய்வு ஐசிஎம்ஆர்-இண்டியாப். இந்தியர்கள் சாப்பிடும் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசியை விட்டுவிட்டு அதே அளவு கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது பெரிய பலன் தருவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவில் கொஞ்சத்தைக் குறைத்து, பருப்பு, பயறு, பால் பொருள் போன்ற புரதத்தைக் கூட்டுவது அபாயக் குறைவோடு தொடர்புடையதாக இருந்தது. சோற்றுக்குப் பதில் மூணு சப்பாத்தி என்ற நம்ம வீட்டு வைத்தியம் போதாது என்பது இதன் அர்த்தம்.

உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். மொத்தம் 100. வயதுக்கு 30 வரை, குடும்பத்தில் நீரிழிவு இருந்தால் 20 வரை. இவை இரண்டும் நம் கையில் இல்லை. உடல் உழைப்பு இல்லை என்றால் 30 வரை, இடுப்புச் சுற்றளவு கூடினால் 20 வரை. இவை இரண்டும் நம் கையில் இருக்கின்றன. 60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம்.

சரிபாதி. ஐம்பது நம்மிடம், ஐம்பது நம்மிடம் இல்லை. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பு அளவை வீட்டில் இருக்கும் டேப்பாலேயே அளந்து பார்க்கலாம்.

நம்மிடம் இல்லாத அந்த ஐம்பதுக்கு என்ன செய்வது? பரிசோதனை. அது ஒன்றுதான் வழி.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். கேரளத்தில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு நீரிழிவு. பாலக்காட்டிலோ மூணாறிலோ பிறந்து கோவையிலோ கொச்சியிலோ வேலை பார்க்கும் தமிழ் இளைஞருக்கு இந்த எண் அந்நியம் இல்லை. பெரும்பாலும் வீட்டிலேயே ஒரு அம்மாவோ அப்பாவோ மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்.

சிறுநீரகம் இதில் இன்னும் மோசமான கள்ளன். நீரிழிவு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது பாதிக்கப்படுகிறது. ஆனால் பாதி செயல்திறன் போகும்வரை வலிக்காது, வீங்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவுகூட அதுவரை இயல்பு போலவே காட்டும். முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் 30 வயதிலிருந்து ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் அதற்கும் முன்னாலேயே பார்க்கலாம்.

ஜிம் பையில் ஒரு லேப் ரிப்போர்ட்டும் இருக்கட்டும். ஒன்றுக்கு இன்னொன்று மாற்று கிடையாது.

கடையைத் திறந்ததும் அவரே, பந்தியைப் போட்டதும் அவரே

எம்ஜிஆரின் ஒழுக்கத்தைப் பேசும்போது ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். குடிக்காத அவரது ஆட்சியில்தான் 1981-ல் கள்ளும் சாராயமும் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியதும் அவர் அரசுதான். கள், சாராயக் கடைகளை 1987 தொடக்கத்தில் மூடினாலும் டாஸ்மாக் நிலைத்தது. ஒரு தலைவர் தன் வாழ்க்கையில் குடியைத் தொடாமல் இருப்பது வேறு. தெருமுனையில் கடை இருக்குமா இருக்காதா என்பது வேறு. பல லட்சம் பேரின் பழக்கத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். வாழ்க்கைமுறை என்ற சொல் எல்லாப் பொறுப்பையும் தனி மனிதர் தலையில் வைத்துவிடுகிறது. கடை, சம்பளம், ஷிஃப்ட் நேரம், நடக்க நடைபாதை என்று அதில் பாதி வேறு யாரோ எடுக்கும் முடிவு.

அதே அரசு எடுத்த இன்னொரு முடிவு 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது. சத்துணவுத் திட்டம். பள்ளியில் மதிய உணவை 1956-லேயே காமராஜர் தொடங்கியிருந்தார். எம்ஜிஆர் அதைப் பல மடங்கு விரித்தார். முக்கியமான மாற்றம், பள்ளிக்கு வராத 2 வயதுக் குழந்தைக்கும் சோறு என்பது. முதலில் கிராமங்கள், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்கள், 1984-ல் 15 வயது வரை. இவ்வளவு பணம் எங்கிருந்து வரும் என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் கேட்டார்கள். கும்பகோணத்தில் பட்டினி கிடந்த பையனுக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. 2001-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

இதன் பலனை 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு அளந்தது. 1993 முதல் 2016 வரையிலான இந்திய அளவிலான தரவு. சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள், வளர்ந்து தாயானபோது அவர்களது குழந்தைகள் உயரமாக இருந்தார்கள். வளர்ச்சி குன்றியவர்கள் குறைவு. ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் தெரிந்தது. பார்க்கரும் யாக்னிக்கும் காட்டிய அந்தச் சங்கிலி, பசியை மட்டுமல்ல, வயிறு நிறைந்ததையும் அடுத்தவருக்குக் கொண்டு போகிறது.

எம்ஜிஆர் இந்த ஆய்வுகளைப் படித்துத் திட்டம் போடவில்லை. பார்க்கரின் 1989 கட்டுரை வரும்போது அவர் உயிருடன் இல்லை. ஆனால் தன் உடலுக்குச் செய்ய முடியாமல் போனதை மற்றக் குழந்தைகளின் உடலுக்கு அவர் செய்துவிட்டார். அவரது உடற்பயிற்சியை விட, குடிக்காத பழக்கத்தை விட, மக்கள் ஆரோக்கியத்துக்கு அவர் விட்டுப்போன பெரிய சொத்து அந்த மதியச் சோறுதான்.

வடவன்னூரில் சத்யபாமாவின் குடும்ப வீடு இப்போது நினைவு இல்லம். 2019-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். அதற்கு முன் அந்த வீட்டில் இயங்கிவந்தது ஒரு அங்கன்வாடி.